குருசாமிகளின் மக்கள்

உப்போடையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் குருசாமி என்ற பெயருக்கு வந்ததில்லை. ஊருக்கு மேற்கே, பனைகள் முடிந்து பொட்டல் தொடங்குகிற இடத்தில், எந்தக் காலத்திலோ அடங்கிப்போன ஒரு சாமியாரின் மடம் இருக்கிறது. அங்கே நேர்ந்துகொண்டு பெற்ற ஆண்பிள்ளைக்கு அவர் பெயரையே வைப்பது மேலத்தெருவிலும் வழக்கம், கீழத்தெருவிலும் வழக்கம், இரண்டுக்கும் நடுவே பஜாரைச் சுற்றிக் கிடந்த சந்துகளிலும் வழக்கம். கோயில் வேறு, டம்ளர் வேறு, சுடுகாடு வேறு என்று பிரிந்து கிடந்த ஊரில் எல்லா வாசலுக்கும் தடையில்லாமல் போய்வந்தது அந்த ஒரு பெயர்தான். பஞ்சாலை நடத்திப் பிறகு படமாகி மாலையோடு தொங்கியவர் ஒரு குருசாமி, சுண்ணாம்புக் காளவாசலில் நெஞ்சு புண்ணாகிச் செத்தவர் ஒரு குருசாமி, பஜார் முக்கில் சலூன் வைத்திருந்தவர் ஒரு குருசாமி, மாசமாக இருந்த மனைவியை வாசலில் நிறுத்திவிட்டு, பம்பாயில் நாலு காசு பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரயிலேறி வராமலே போனவரும் ஒரு குருசாமிதான்.

அந்தக் கடைசிக் குருசாமியின் மகள் பொன்மாரி. அப்பா என்று அவளிடம் இருந்தது பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும். மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி, சைக்கிள் கடை மாடியில் ஜெயசீலன் நடத்திய சின்ன ஆபீஸில் அவள் வேலை பார்த்தாள். ஓரிடத்தில் நிலைகொள்ளாத பெண், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் பாதம் தரையில் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும், அந்த மிதி கீழே சைக்கிள் கடையில் கேட்கும், பஞ்சர் ஒட்டுகிற மணி அண்ணன் தலையைத் தூக்காமலே, "தங்கச்சி, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்.

உப்போடையில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். குடிப்பதற்கு லாரித் தண்ணீர்தான். லாரி மேலத்தெருவுக்கு முதலில் போய், பஜாரைச் சுற்றி, கீழத்தெருவுக்குப் போகும்போது குழாயில் தண்ணீரைவிடக் காற்று அதிகம் வரும். யார் போட்ட வரிசை என்று யாரும் கேட்டதில்லை. வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு நாள் ஊருக்கென்று ஒரு வெப்சைட் வேண்டும் என்ற ஆசை வந்தது. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம், பெயர், படம், வீடு, ரேஷன் கார்டு, குடும்பம். யார் முதலில் பதிகிறார்களோ அவர்கள் வாசலுக்கு முதல் லாரி. சங்கத் தலைவர் வேலாயுத முதலாளி, அந்தப் படமாகித் தொங்கியவரின் மகன், திறப்புவிழாச் சுவரொட்டியில் தன் முகம் எவ்வளவு பெரிதாக வரும் என்று கேட்டாரே தவிர, வரிசை என்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜெயசீலன் எங்கிருந்தோ ஆயத்தமாகக் கிடைத்த ஒரு புரோகிராமை எடுத்துவந்து, அதற்கு உப்போடை என்று பெயர் மாட்டினார். அது வேறெந்த தேசத்துக்கோ எழுதப்பட்டது. அந்த தேசத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் பின்னால் ஒரு குடும்பப் பெயர் தொங்குமாம், அந்தப் பெயர் ஒன்றாக இருந்தால் அவர்கள் ஒரே குடும்பமாம். ஆகவே டேட்டாபேஸிடம் அது கேட்ட கேள்வியும் அப்படித்தான் இருந்தது: இந்த ஊரில் கடைசிப் பெயர் ஒன்றாக உள்ளவர்களையெல்லாம் ஒரே குடும்பமாகக் கூட்டி வா.

"சார், இந்த க்வெரி தப்பு," என்றாள் பொன்மாரி. "நம்ம ஊர்ல கடைசிப் பேருன்னு ஒண்ணும் கிடையாது. அந்தக் கட்டத்துல எல்லாரும் அப்பா பேரைத்தான் போட்டுருக்காங்க. கல்யாணமானவங்க புருஷன் பேரு. ஊர்ல இருக்கிற அத்தனை குருசாமி வீடும் ஒரே வீடுன்னு காட்டும்."

"காட்டட்டும்மா," என்றார் ஜெயசீலன். "போஸ்டர் ஒட்டியாச்சு. முதல்ல திறப்போம், அப்புறம் திருத்துவோம்."

திறந்தார்கள். மறுநாள் காலை, லாரி டிரைவர் சோலைராஜ், காளவாசல் குருசாமியின் மகன், தொட்டியின் இரும்பு மூடியைச் சாத்தும்போது இடதுகைப் பெருவிரலை நசுக்கிக்கொண்டான். அதே நேரத்தில் மேலத்தெருவில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த வேலாயுத முதலாளி பெருவிரலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், பின்கட்டில் அவருடைய அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாமல் பள்ளிக்கூடத்திலேயே தலை நரைத்துப்போன சௌந்தரம் டீச்சர், பூப்பறித்த கையை உதறினாள், சலூன் குருசாமியின் மகன் கையிலிருந்து கத்தி நழுவியது, மாடியில் பொன்மாரியின் விரல் விசைப்பலகையிலிருந்து துள்ளியது, கீழே இன்னொரு குருசாமியின் மகனான மணி அண்ணன் "அம்மாடி" என்றார். மத்தியானத்துக்குள் உப்போடையில் குருசாமிக்குப் பிறந்தவர்கள், குருசாமிக்கு வாக்கப்பட்டவர்கள் எல்லோருடைய இடது பெருவிரல் நகமும் நாவல்பழம்போலக் கறுத்துவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க எந்தக் குடும்பம்?" என்று கேட்டாள். போனைத் திறந்து தங்கள் பக்கத்தைக் காட்டினார்கள். அதில் வரிசையாக மில்காரரும் லாரிக்காரனும் சலூன்காரரும் டீச்சரும் இருந்தார்கள். "அப்ப சரி," என்று நர்ஸ் மருந்தைத் தடவி அனுப்பினாள். உப்போடையில் இதற்குமேல் காரணம் யாரும் தேடவில்லை. மழை ஏன் வரவில்லை என்று தேடித் தேடிக் களைத்தவர்களுக்கு, வந்த ஒன்று ஏன் வந்தது என்று கேட்கத் தெம்பில்லை.

குருசாமி மக்களுக்கு மட்டுமா, கருப்பசாமி மக்களுக்கும் அப்படித்தான், சண்முகம் மக்களுக்கும் அப்படித்தான். கொஞ்ச நாளில் ஊர் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றி வைத்துக்கொண்டது. தெருவில் எதிர்ப்பட்டால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது குறைந்து, இன்றைக்கு உங்களில் யாருக்கு என்ன என்று கேட்பது வந்தது. "எங்க சண்முகத்துல எவனுக்கோ பல்லு வலி, எவன்னு தெரியல, ஊர்ப் பல்லையெல்லாம் தட்டிப் பார்த்துட்டிருக்கோம்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். பல்லுக்குச் சொந்தக்காரன் கிடைத்ததும் அவனை நடுவில் விட்டு ஊர்வலமாக வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள். கருப்பசாமி ஒருவரின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று சிவகாசி பஸ் பாதி வழியில் நின்றது. டிரைவரும் கருப்பசாமி மகன், கண்டக்டரும் கருப்பசாமி மகன், இரண்டு பேரும் புளியமரத்தடியில் படுத்து ஆளுக்கொரு வேரைப் பிடித்துக்கொண்டு புரண்டார்கள். பிள்ளை பிறந்து வலி நின்றதும் கண்டக்டர் எழுந்து காக்கிச் சட்டையை உதறி, ஊருக்குத் திரும்பியவர் நேராக வீட்டுக்குப் போய், தன்னைப் பெற்றவளின் எதிரில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டார்.

தபால்காரர் ஒருவர்தான் தனித்துப்போனார். அவருடைய அப்பா பெயர் ரங்கூன். அப்படியொரு பெயர் ஊரில் இன்னொருவருக்கு இல்லை. "எனக்குன்னு யாருக்கும் ஒண்ணும் ஆகமாட்டேங்குது," என்று வீடு வீடாகக் கடிதத்தோடு சொல்லிக்கொண்டு போனார். நல்ல வேளை என்று சொன்னவர்களை அவர் முறைத்தார்.

வேண்டாம் என்று தங்கள் பக்கத்தையே அழித்தவர்களும் உண்டு. வலி நின்றது, தண்ணீரும் நின்றது. மறுவாரமே திரும்பிவந்து பதிந்தார்கள்.

பொன்மாரியின் அம்மா செல்லத்தாய்க்கு இந்த வலிகள் எதுவும் வரவில்லை. கடைசிப் பெயர்க் கட்டத்தில், ஓடிப்போனவன் பெயரை எழுத மாட்டேன் என்று, செத்துப்போன தன் அப்பாவின் பெயரை அவள் போட்டிருந்தாள். மகள் சோற்றுக்கு நடுவில் விலாவைப் பிடிப்பதையும், நடந்துபோகும்போது இல்லாத முள்ளுக்காகக் காலைத் தூக்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்காம்?"

"தெரியலம்மா. மூட்டை தூக்கிறவங்க யாரோ. இடுப்பு இத்துப்போகுது."

"ஒருத்தன் பேருக்காக ஊரு வலியெல்லாம் சுமக்கணும்னு என்னடி தலையெழுத்து?"

ஆனால் பொன்மாரிக்கு அது அப்படித் தோன்றவில்லை. யாரோ ஒருவருடைய முழங்கால் காலையில் எழுந்ததும் வலித்தது, யாரோ ஒருவர் நாக்கைச் சூடான டீயில் சுட்டுக்கொண்டார், யாரோ ஒரு பெண் வேலை முடிந்து உள்ளங்கால் எரிய வீட்டுக்கு நடந்தாள். அவளுக்கு அண்ணன்மாரும் அக்காமாரும் இருந்தார்கள், அவர்கள் முகம் தெரியாவிட்டாலும் அவர்கள் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தவறு எந்த வரியில் இருக்கிறது என்பதை அவள் முதல் நாளே கண்டிருந்தாள். ஒரு வரிதான். அதை மாற்றாமல், மற்ற பிழைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தாள். படம் மாறிக் காட்டுவது, பிறந்த தேதி ஒருநாள் முன்னால் விழுவது, தேடினால் அகப்படாமல் போவது. பாதம் மட்டும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

வேலாயுத முதலாளி ஆரம்பத்தில் இதை ஒரு விதமாகச் சமாளித்தார். சோலைராஜுக்குத் தோல் கையுறை அனுப்பினார், சலூன்காரருக்கு மூக்குக்கண்ணாடி மாற்றச் சொல்லி ஆள் விட்டார், மூட்டை தூக்கும் ஒருவரைக் கூப்பிட்டு மெத்தையில் படுக்கச் சொன்னார். அன்பினால் இல்லை, அவர் இடுப்பு. ஜெயசீலன் கைகட்டி நின்று, "முதலாளி, உங்க பக்கத்துல மட்டும் அப்பா பேரை எடுத்துட்டு வேற ஏதாவது போட்டுட்டா உடனே நின்னுரும்," என்று சொன்னபோது அவர் கையிலிருந்த டம்ளரை வைத்தார்.

"எங்கப்பன் பேரை எடுக்கச் சொல்றியா?"

"இல்ல முதலாளி, ஒரு பேச்சுக்கு..."

"அவனுகளை எடுக்கச் சொல்லு. யாரு பேரை யாரு வச்சுக்கிட்டுத் திரியிறது?"

அவனுகளும் எடுக்க மறுத்துவிட்டார்கள். அதுவும் அவர்கள் அப்பன் பேர்தான்.

சண்டை லாரி வரிசையில் வந்தது. சித்திரை வெயிலில் மேலத்தெருத் தொட்டிகள் காய்ந்தன. சோலைராஜ் போனைப் பார்த்து, முதலில் பதிந்திருந்த கீழத்தெருக் காளியம்மன் சந்துக்கு லாரியைத் திருப்பினான். பஜார் முக்கில் முதலாளி வண்டியை மறித்தார்.

"மேலத்தெருவுக்கு விடுறா."

"வரிசை அப்படி இல்லீங்க முதலாளி. நீங்க திறந்துவச்ச வரிசைதான்."

சுற்றி நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். முதலாளி கையை ஓங்கி அறைந்தார். சோலைராஜின் கன்னத்தில் விழுந்த அறை அவருடைய கன்னத்திலும் விழுந்தது, அவருடைய விரல்களே அவர் முகத்தில் சிவந்து எழுந்தன. மாடியில் பொன்மாரியின் மூக்குக்கண்ணாடி பறந்து சுவரில் அடித்தது. மணி அண்ணன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ட்யூபோடு சாய்ந்தார். மேலத்தெருப் பின்கட்டில் சௌந்தரம் டீச்சர், பிறந்ததிலிருந்து யாரும் கைவைத்திராத அந்த அம்மாள், நாற்காலியோடு பக்கவாட்டில் விழுந்தாள். அன்று சாயங்காலம்வரை உப்போடையில் எங்கு பார்த்தாலும் ஒரே கையின் விரல்கள் நடமாடின. எதிரெதிரே வந்தவர்கள் கன்னத்தைப் பார்த்துச் சிரித்து, "முதலாளி ஆசீர்வாதமா?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

அடியைக்கூட முதலாளி பொறுத்திருப்பார். சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. சைக்கிள் கடை வாசலில் காரை நிறுத்தி, மாடியைப் பார்த்து, தெருவே கேட்கச் சொன்னார்: "ஏ புள்ள, வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ற. அன்னைக்கு மத்தியானம் அதே முக்கு, அதே லாரி. அவனுக்கும் எனக்கும் அங்க ஒரு பாக்கி இருக்கு. இந்தத் தடவை என் கையோட நிக்காது, மில்லு ஆளுகளும் வருவாங்க."

காரின் கதவு சாத்தியதும் ஜெயசீலன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "பண்ணிரும்மா. என்னால முடியாது, எனக்கு சுகர் இருக்கு."

பொன்மாரி பண்ணவில்லை. தவறு ஆழமாக இருக்கிறது, பழைய புரோகிராம், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று சரியும் என்று நாளைக் கடத்தினாள். அந்த ஒரு வரி இருக்கிறவரை சோலைராஜ்மேல் யாரும் கைவைக்க மாட்டார்கள். அதை எடுத்தால் அவன் தனியாக நிற்பான். அவள் எழுந்து நடந்தாள், ஜன்னலுக்கும் கதவுக்கும், கதவுக்கும் ஜன்னலுக்கும். வெளியே மேல்காற்று புழுதியை எழுப்பி எங்கும் போட மனமில்லாமல் சுழற்றிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் சௌந்தரம் டீச்சர் ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டு லாரி நிற்கும் இடத்துக்கு வந்தாள். மேலத்தெருப் பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. சோலைராஜ் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான்.

"உனக்கு வலிச்சுதாப்பா?"

"உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் டீச்சர்."

அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் அந்தக் கைக்குச் சோறு போட்டிருக்கிறாள், நகம் வெட்டிவிட்டிருக்கிறாள், காய்ச்சலில் பிடித்திருக்கிறாள். அதன் எடை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "எங்க வீட்டுக் கை," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

வியாழக்கிழமை காலையில் சோலைராஜ் மாடி ஏறி வந்தான். கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"அக்கா, நீங்க வேணும்னே இழுத்தடிக்கிறீங்களாம்ல. மணி அண்ணன் சொல்றாரு."

"அவருக்கு என்ன தெரியும்?"

"காலைத் தட்டுறது கீழ கேக்குதாம். வேலை ஓடுறப்ப ஒரு தட்டு, சும்மா இருக்கிறப்ப ஒரு தட்டாம்."

பொன்மாரியின் பாதம் நின்றது.

"சரி பண்ணிருங்கக்கா."

"பண்ணினா நாளைக்கு உன்னை அடிப்பாங்க, சோலை."

"அடிப்பாங்க."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். "இப்ப அவரு என்மேல கைவைக்காம இருக்கிறது எதுக்கு? அவரு கன்னம் வலிக்கும்னு. எனக்குக் கையுறை எதுக்கு? அவரு விரலுக்கு. நான் செருப்பில்லாம நடந்தா மில்லுலேர்ந்து ஆள் ஓடி வருது. என் உடம்பை அவரு உடம்பாட்டம் பாத்துக்கிறாங்கக்கா. எங்கப்பா அந்தக் காளவாசல்ல இருமி இருமிச் செத்தாரு, அப்ப ஒருத்தனுக்கும் நெஞ்சு வலிக்கல. இப்ப மட்டும் எதுக்கு? எனக்கு ஒரு காயம் பட்டா அது எனக்குப் படட்டும்."

"எனக்கும் வலிக்குதேடா," என்றாள் பொன்மாரி. "எனக்கு அது வேண்டியிருக்கு."

அவன் அவளைப் பார்த்தான். கேலி செய்யப்போகிறவன்போல வாய் கோணியது, பிறகு செய்யவில்லை. "அதுக்கு இது எதுக்குக்கா? வீட்டுக்கு வாங்க. எங்கம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கும். நாக்கு சுட்டா ரெண்டு பேருக்கும் தனித்தனியாச் சுடட்டும்."

அவன் போனபிறகு கையுறை மேசைமேலேயே கிடந்தது. சாயங்காலம் வீட்டில், அடுப்படிக்கு வெளியே சுவரில் சாய்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, அவள் அந்த வரியைத் திறந்தாள். கடைசிப் பெயரைக் கேட்காதே என்று அதை அடித்தாள். அப்படியானால் குடும்பம் என்பதற்கு எதைக் கேட்பது என்று கொஞ்சநேரம் யோசித்து, உப்போடையில் யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடியதையே எழுதினாள்: ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறவர்களைக் கூட்டி வா. அதன்படி தானும் அம்மாவும் ஒரு குடும்பம். வேறு யாரும் இல்லை. எழுதியதை ஓடவிட்டாள். இடுப்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது, முழங்காலிலிருந்து ஒரு கிழவர் எழுந்து போனார், உள்ளங்கால் எரிச்சல் தணிந்தது. ஒரு கல்யாண வீடு காலியாவதுபோல உடம்பு ஒவ்வொருவராகக் காலியானது.

ஆனால் ஏதோ மிச்சம் இருந்தது. வலதுகை விரல் நுனியில் ஒரு சூடு.

"அம்மா, அடுப்புல கை வச்சியா?"

"துணி இல்லாம சட்டியை இறக்கிட்டேன். ஏன்?"

"எங்க, உன்னையே ஒரு கிள்ளு கிள்ளு பார்ப்போம்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?"

"கிள்ளும்மா."

செல்லத்தாய் முணுமுணுத்துக்கொண்டே தன் முழங்கையில் கிள்ளினாள். வெளியே மகள் கையை உதறுவதைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு இன்னொரு தடவை, இந்தத் தடவை மெல்ல, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிற அளவுக்குத் தன்னைக் கிள்ளிக்கொண்டாள்; அதுவும் போய்ச் சேர்ந்தது என்பது மகள் தலையைத் திருப்பிக்கொண்டதில் தெரிந்தது.

தப்பு திருத்தினால் வலி அறவே போகும் என்று நினைத்தவளுக்கு, அது போகவில்லை, வீட்டளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொன்மாரியால் மாடியில் இருக்க முடியவில்லை. பஜார் முக்குக்குப் போனாள். லாரி நின்றது, டிரைவர் சீட்டை விட்டு இறங்கி சோலைராஜ் வெறுங்கையோடு நின்றான். மில் ஆட்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள், சலூன்காரர் பாதி சவரத்தில் நிறுத்தி வாசலுக்கு வந்தார், ரேஷன் கடை வரிசை திரும்பிப் பார்த்தது. முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துத் தன் சுண்டுவிரலில் குத்திக்கொண்டு சலூன்காரரைப் பார்த்தார். சலூன்காரரின் கை அசையவில்லை, ரேஷன் கடை வரிசையில் ஒரு குடை மட்டும் ஆடியது. முதலாளி ரத்தத்தை வேட்டியில் துடைத்தார்.

"இப்பப் பேசலாம். முதல் வண்டி எங்க போகுது?"

"காளியம்மன் சந்துக்குங்க."

அறை விழுந்தது. சோலைராஜ் ஓர் அடி பின்னால் போய் நின்றான். பஜார் முழுக்க, குருசாமிக்குப் பிறந்தவர்களின் கைகள் தாமாகவே கன்னத்துக்குப் போயின, தொட்டுப் பார்த்தன, ஒன்றும் இல்லை. மணி அண்ணன் இரண்டு கன்னத்தையும் தொட்டுப் பார்த்தார். எதுவும் வலிக்காத முகங்களோடு அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள், துணியில்லாமல் நிற்கிறவர்கள்போல.

முதலாளி மறுபடி கையை ஓங்கினார். ஓங்கிய கை ஓங்கியபடி நிற்க, அவருடைய முகம் ஒரு பக்கம் வெட்டித் திரும்பியது. கன்னத்தில் ஐந்து விரல், இந்தத் தடவை மெலிந்த விரல்கள்.

"ஏ புள்ள!" என்று பொன்மாரியின் பக்கம் திரும்பினார். "சரி பண்ணலையா நீ?"

"பண்ணிட்டேங்க முதலாளி," என்றாள் பொன்மாரி. எல்லோருக்கும் கேட்டது. "இப்ப அவங்கவங்க கார்டுல இருக்கிறவங்க மட்டுந்தான்."

அவருக்குப் புரிவதற்குள் இன்னொன்று விழுந்தது. ரேஷன் கடை வரிசை விலகியது. அங்கே, குடை மண்ணில் விழுந்து உருண்டுகொண்டிருக்க, சௌந்தரம் டீச்சர் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு நின்றாள். நரைமுடி அவிழ்ந்திருந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே கன்னம், ஒரே பக்கம், ஒரே சிவப்பு.

"அக்கா! என்ன பண்ற? வீட்டுக்குப் போ!"

"நீ அடி. ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பித் தர்றேன். கிளாஸ்ல வெளுத்து வெளுத்துப் பழகின கை, இன்னும் ஓயலை."

"ஊரு பாக்குதுக்கா!"

"பாக்கத்தான் வந்திருக்கு."

"டீச்சர், வேண்டாம்," என்று சோலைராஜ் ஓடிவந்தான். உதட்டோரம் கிழிந்திருந்தது. "எனக்காக நீங்க அடிபடக் கூடாது டீச்சர்."

"உனக்காக இல்லப்பா," என்றாள் அவள், தம்பியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இது எங்க வீட்டு விவகாரம். நீ வண்டியை எடு, ஜனங்க தண்ணிக்கு நிக்குது."

சோலைராஜ் உதட்டைப் புறங்கையால் துடைத்து, ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பினான். மில் ஆட்கள் முதலாளியைப் பார்த்தார்கள், முதலாளி அக்காவைப் பார்த்தார், நடுவே யாரும் நிற்காததால் லாரி அவர்களுக்கிடையில் தண்ணீர் சிந்திக்கொண்டே நகர்ந்தது.

முதலாளியின் கை அப்புறம் இறங்கியதா, எப்போது இறங்கியது என்பதைப் பற்றி உப்போடையில் இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். டீச்சரின் கையைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒன்றே சொல்கிறார்கள்: லாரி காளியம்மன் சந்தில் திரும்பி மறைந்து, முதல் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் அது வெயிலில் தன் கன்னத்துக்கு எதிரே ஓங்கியபடியே நின்றது.